நாலு மணிப் பசி

யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குச் செல்லும் பெருவீதியை மானிப்பாய்–கைதடி வீதி குறுக்கறுக்கின்ற கோப்பாய்ச் சந்தியில், தனியார் கல்வி நிலையத்தில் ஒரு வகுப்பு முடிந்து மறு வகுப்புத் தொடங்குவதற்கு முன் பிள்ளைகள் கூட்டங் கூட்டமாகச் சைக்கிளில் வந்து இறங்குகின்ற பின்னேரம் நாலு மணிக்குச் சற்றே ஒதுங்கி நின்று பார்க்கிறவர்களுக்கு, நம்முடைய சமூகத்தின் ஆகார நிலைமையைப் பற்றி வேறொருவர் வந்து விரித்துச் சொல்லவேண்டிய அவசியம் இராது. தேநீர்க் கடையின் முகப்பிலே ஒரு கண்ணாடிப் பெட்டி. அதன் மேல்தட்டில் றோல்ஸ், நடுத்தட்டில் பற்றிஸும் சமோசாவும், கீழ்த்தட்டில் காலையில் பொரித்த உழுந்து வடை. பக்கத்தில் சரம் சரமாகத் தொங்கும் மிக்சர் பக்கற்றுகள். உள்ளே குளிர்ப்பெட்டியில் சிவப்பும் மஞ்சளும் கறுப்புமாகச் சோடாப் போத்தல்கள். பன்னிரண்டு வயது மதிக்கத்தக்க ஒரு சிறுவன் இரண்டு றோல்ஸ் வாங்கினான். அவற்றைச் சுற்றிக் கொடுத்த கொப்பித் தாளில் எண்ணெய் ஊறி, அதன் உட்புறத்தில் யாரோ ஒரு மாணவன் எழுதியிருந்த கணக்கு வெளிப்புறம் வரைக்கும் தெரிந்தது. அந்தக் கணக்கின் விடையை நான் வாசித்து முடிப்பதற்குள் இரண்டு றோல்ஸும் முடிந்துபோயின.

அந்தப் பிள்ளையைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. விடியற்காலையில் எழுந்து, பாதி உண்டும் பாதி உண்ணாமலும் பாடசாலைக்கு ஓடி, மத்தியானம் அள்ளிப் போட்ட சோறு செமிக்குமுன்னே புத்தகப் பையோடு மறுபடியும் புறப்பட்டு, இரவு ஏழு மணி வரைக்கும் வாங்கில் குந்தியிருக்க விதிக்கப்பட்ட ஒரு பிள்ளைக்கு நாலு மணிக்குப் பசிப்பது இயற்கை. அந்தப் பசியின் முன்னே நாம் எதை வைத்திருக்கிறோம் என்பதுதான் கேள்வி. ஆகவே பிள்ளையை விட்டுவிட்டுக் கடைக்காரரை அணுகினேன்.

“அண்ணை, அவிச்ச கடலை வைக்கிறேல்லையோ?”

“வைச்சனான் தம்பி. இந்த வெக்கைக்குப் பின்னேரமே புளிச்சுப் போகுது. றோல்ஸ் எண்டா இரவு மட்டும் நிக்கும். மிஞ்சின கடலையை ஆர் வாங்குவினம்?”

ஆகார விஷயமாக நான் கேட்ட எத்தனையோ பிரசங்கங்களில் இல்லாத உண்மை அந்த நாலு வாக்கியங்களில் இருந்தது. எது உண்ணத்தக்கது என்று பிள்ளை தெரிவு செய்வதற்கு வெகு நேரம் முன்பாகவே, எது கெடாமல் நிற்கும், எது மிஞ்சினால் நஷ்டம் வராது என்று கடை தெரிவு செய்துவிடுகிறது. பிள்ளையின் கை அந்தத் தெரிவுக்குள்ளேதான் நீளுகிறது.

யாழ்ப்பாணத்திலே ‘சோட்டை’ என்று ஒரு சொல் வழங்குகிறது. வயிற்றுப் பசியாகவும் இல்லாமல் வெறும் ஆசையாகவும் இல்லாமல் இரண்டுக்கும் இடைநடுவில் நின்று வாயை ஊறச் செய்கின்ற அந்த உணர்ச்சிக்கு இத்தனை பொருத்தமான பெயர் வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. சோட்டைக்கு உண்பது சோட்டைத்தீன். எங்கள் அம்மம்மாவின் வீட்டிலே அது அடுக்களை வளையில் தொங்கிய உறியில், ஒரு பனையோலைப் பெட்டிக்குள் இருந்தது. ஒரு காலத்தில் புழுக்கொடியல், ஒரு காலத்தில் பனாட்டு, வேறொரு காலத்தில் எள்ளுப்பாகு, வருஷப்பிறப்பை ஒட்டிய நாட்களில் பயற்றம் பணியாரம். பனாட்டுச் செய்வதைப் பார்த்தவர்கள் அதன் அருமையை மறக்கமாட்டார்கள். ஆவணி, புரட்டாதி மாதங்களில் விழுந்த பனம்பழங்களைப் பிசைந்து, தும்பு போக வடித்தெடுத்த களியைப் பந்தலின்மேல் விரித்த பாயிலே ஊற்றி, ஒரு படை காய்ந்த பின்பு அதன்மேல் மறுபடை என்று நாட்கணக்காக வெயிலிலே வளர்த்து, தோல்போல ஆனதும் உரித்து வெட்டி வைப்பார்கள். புழுக்கொடியலோ பனங்கிழங்கை அவித்துப் பிளந்து காயவைத்தது, கல்லைப்போல இறுகியிருக்கும். அதில் ஒரு துண்டைக் கடைவாயில் ஒதுக்கிக்கொண்டால் மாலைப்பொழுதில் பாதி கழிந்துவிடும். மென்று மென்று உமிழ்நீர் ஊற ஊறத்தான் அதன் இனிப்பு வெளிப்படும். அம்மம்மா பெட்டியை இறக்கி ஆளுக்கொரு துண்டுதான் கொடுப்பார். இரண்டாவது துண்டு கேட்கத் தோன்றியதேயில்லை. ஒரு பதார்த்தம் பல்லுக்கு எவ்வளவு வேலை வைக்கிறதோ அவ்வளவுக்கு வயிற்றுக்கு அளவு தெரிகிறது என்பதை, நாலு கடியில் கரைந்துபோகும் றோல்ஸைப் பார்த்த பிறகுதான் நான் உணர்ந்துகொண்டேன்.

இந்த மாற்றம் எவ்விதம் நேர்ந்தது என்று ஆராய்கிறவர்கள் கோதுமை மாவின் கதையைத் தொடாமல் போக முடியாது. 1560இல் போர்த்துக்கேயர் நல்லூரைத் தாக்கியபோது சங்கிலி அரசன் பின்வாங்கி வந்து நின்ற கோட்டை கோப்பாயில் இருந்தது என்பது சரித்திரம். கோட்டை போயிற்று, அந்தப் போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற ‘பாண்’ என்ற சொல்லோ ஒவ்வொரு வீட்டுக் காலையிலும் நின்றுவிட்டது. ஆயினும் வெகுகாலத்துக்குப் பாண் விருந்தாளியாகவே இருந்தது. 1970 முதல் 1977 வரை சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசாங்கம் மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு ஆகியவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்திய காலத்திலே கோப்பாய், உரும்பிராய், நீர்வேலிச் செம்மண் தோட்டங்கள் பொன் விளைந்த பூமியாயின. அதே காலத்தில் பாணுக்கு வரிசையில் நின்றவர்களும் உண்டு, மரவள்ளிக் கிழங்கினால் பசியாறியவர்களும் உண்டு. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டு, 1980ஆம் ஆண்டளவில் திருகோணமலையிலே பெரிய மாவாலை இயங்கத் தொடங்கிய பின்பு, கோதுமை மா மூலைமுடுக்கெல்லாம் மலிந்தது.

இங்கே கவனிக்கவேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. கோதுமை மா பாணாகவும் பணிஸாகவும் மட்டும் வந்திருக்குமானால் அதை அந்நியம் என்று அடையாளம் கண்டுகொண்டிருப்போம். அதுவோ நம்முடைய இடியப்பத்துக்குள்ளும் புட்டுக்குள்ளும் சத்தமில்லாமல் புகுந்துகொண்டது. சிவப்பரிசியை ஊறவைத்து, இடித்து, அரித்து, வறுத்து எடுக்கின்ற பாடு ஒரு பக்கம். கடையில் வாங்கிய மாவைத் துணியில் முடிந்து ஆவியில் அவித்து அரித்துவிடுகின்ற சுலபம் மறுபக்கம். நீத்துப்பெட்டி அதேதான், உரல் பிடித்துப் பிழிவதும் அதேதான், சொதியும் சம்பலும் அதேதான். உள்ளே இருந்த தானியம் மாத்திரம் மாறிவிட்டது. ‘நாங்கள் கடைச் சாப்பாடு சாப்பிடுவதில்லை, காலையும் இரவும் வீட்டிலே அவித்த இடியப்பந்தான்’ என்று மனத்திருப்தியோடு சொல்லுகின்ற பல குடும்பங்களின் தட்டிலே இருப்பது உமியும் தவிடும் முளையும் நீங்கிய வெள்ளை மாவே என்பதை மரியாதையோடு சொல்லவேண்டியிருக்கிறது.

சீனியின் கதை இன்னும் சமீபத்தில், நம் கைக்கெட்டிய தேநீர்க் கோப்பையிலேயே இருக்கிறது. நம்மூரில் ஒரு கோப்பைத் தேத்தண்ணீருக்கு மூன்று தேக்கரண்டி சீனி போடுவது அதிசயமன்று. ஒரு கரண்டி ஏறக்குறைய 4 கிராம். விடியற்காலை, பத்து மணி, நாலு மணி, விருந்தினர் வந்த வேளை என்று நாலு கோப்பை குடித்தால் 48 கிராம் ஆயிற்று. நாளொன்றுக்கு உட்கொள்ளும் சக்தியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல், அதாவது சாதாரண வளர்ந்தவர் ஒருவருக்கு ஏறக்குறைய 50 கிராமுக்கு மேல், இவ்விதச் சீனி கூடாது, அதிலும் பாதியாகக் குறைத்தால் இன்னும் நன்று என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் அறிவுறுத்தியது. பிஸ்கற், சோடா, பாயசம் எதையும் தொடாத ஒருவர்கூட தேத்தண்ணீரினால் மட்டுமே அந்த எல்லையின் வாசலில் போய் நிற்கிறார். பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேத்தண்ணீர் குடித்த பழைய தலைமுறையினர் சீனியை நாவிலே உணர்ந்தார்கள். கரைத்துக் குடிக்கிற நாமோ அளவை உணராமலே விழுங்குகிறோம். பனங்கட்டியும் சர்க்கரையேதான், நீரிழிவு உள்ளவர்களுக்கு அது மருந்தன்று; ஆனால் ஒரு கடி என்பது கண்ணுக்குத் தெரிந்த அளவு.

இலங்கை அரசாங்கம் இவ்விஷயத்தில் சும்மா இருக்கவில்லை. 2016 ஆகஸ்ட் மாதம் முதல் இனிப்புப் பானங்களின் போத்தல்களில் நிற அடையாளம் இடவேண்டுமென்று விதி வந்தது: 100 மில்லிலீற்றரில் சீனி 11 கிராமுக்கு மேற்பட்டால் சிவப்பு, 2 முதல் 11 வரை செம்மஞ்சள், 2க்குக் குறைந்தால் பச்சை. மறுவருஷம் சமர்ப்பிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டத்தில் ஒரு கிராம் சீனிக்கு 50 சதம் என்று வரியும் விதிக்கப்பட்டது. பின்பு அது தளர்த்தப்பட்டது. போத்தலில் அடைத்த பானங்களோடு நில்லாமல், பொதிசெய்த தின்பண்டங்களிலும் சீனி, உப்பு, கொழுப்பு மூன்றுக்கும் நிற அடையாளம் பிற்பாடு வந்தது. நல்ல விதிகள்தாம், பெற்றோர் பிள்ளைகளுக்கு அந்த நிறங்களைக் காட்டிப் பழக்கவேண்டும். ஆனால் சந்திக் கடையின் கண்ணாடிப் பெட்டியிலுள்ள றோல்ஸுக்கும், கோயில் வீதியில் அளந்து கொடுக்கும் மிக்சருக்கும், நம் அடுக்களைத் தேத்தண்ணீர்க் கோப்பைக்கும் நிறம் பூசுவார் யாருமில்லை. விதி எட்டுவது தொழிற்சாலையின் வாசல்வரைக்குந்தான். அதற்கு அப்பால் எட்டவேண்டியது நம் கை.

விளைவு என்ன என்பதை அறிய வெகுதூரம் போகவேண்டாம். 2005–2006இல் வடக்கு, கிழக்கு நீங்கலாக நாட்டின் ஏழு மாகாணங்களில் நிகழ்ந்த ஓர் ஆய்விலே, இருபது வயதுக்கு மேற்பட்ட இலங்கையரில் பத்தில் ஒருவருக்கு நீரிழிவு இருந்ததும், அதன் முன்நிலையில் இருந்தவர்களையும் சேர்த்தால் ஐந்தில் ஒருவர் பாதிக்கப்பட்டிருந்ததும் தெரியவந்தது. அதன் பிறகு நிலைமை சீர்ப்பட்டதாக எவரும் சொல்லவில்லை. ‘எனக்குச் சீனி வருத்தம்’ என்று சொல்வது நம்மவரிடையே ‘எனக்கு வயதாகிவிட்டது’ என்று சொல்வதைப்போலச் சர்வசாதாரணமாகிவிட்டது. இந்தச் சகஜ பாவந்தான் எனக்குப் பெரும் வருத்தத்தைத் தருகிறது. நோய் வருவதைக் காட்டிலும், வந்தே தீரும் என்று ஒரு சமூகம் ஒப்புக்கொண்டு உட்கார்ந்துவிடுவது கொடியது.

பழையதெல்லாம் நன்று என்று சொல்ல நான் எழுதவில்லை. எண்ணெயில் பொரித்துச் சீனிப்பாகில் இட்ட சீனி அரியதரமும், உப்பில் ஊறிய கருவாடும் ஊறுகாயும், மலைபோலக் குவித்த வெள்ளைச் சோறும் பழையனவே. துலாவிலே நீர் இறைத்தும் மண்வெட்டி பிடித்தும் நாள் முழுதும் சரீரத்தை வருத்தியவர்கள் உண்டதை, மோட்டார் சைக்கிளில் போய் நாற்காலியில் அமர்கிற நாம் அப்படியே உண்ணமுடியாது. 1990இல் யுத்தம் மறுபடி மூண்டபின் வடக்கின்மீது விழுந்த பொருளாதாரத் தடையின்போது சீனியும் கோதுமை மாவும் கிடைத்தற்கரிய பண்டங்களாகி, அவிக்காமல் காயவைத்த பனங்கிழங்காகிய ஒடியலின் மாவும் குரக்கனும் பனங்கட்டியும் மீண்டும் அடுக்களைக்கு வந்தன என்பது உண்மை. அக்காலத்தை நினைத்து ‘அப்போது எங்களுக்கு வருத்தம் இல்லை’ என்று பெருமூச்சுவிடுகிறவர்களை நான் கண்டிருக்கிறேன். ஆனால் பாலுக்கும் மருந்துக்கும் ஏங்கி மெலிந்த குழந்தைகளும் அதே காலத்தில்தான் இருந்தார்கள். 2022இல் பாணின் விலை நினைத்தும் பாராத உயரத்துக்கு ஏறியபோதும் அப்படித்தான்: குரக்கன் றொட்டி திரும்பிவந்தது, கூடவே வெறும் வயிறும் வந்தது. வறுமை கற்பித்த ஆகாரத்தை, வறுமை நீங்கியதும் மனிதர் வெட்கத்தோடு ஒதுக்கிவிடுகிறார்கள். ஒடியல் கூழையும் குரக்கனையும் இல்லாதவர் உணவு என்று நம் மனத்தின் அடியில் ஒதுக்கிவைத்திருப்பது இதனால்தான்.

அந்த வெட்கத்தை நீக்கிவிட்டுக் கோப்பாயைச் சுற்றிப் பார்ப்போம். வேலியோரம் நிற்கும் முருங்கையின் இலையில் கல்சியம் நிறைய இருக்கிறது. குரக்கன் 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல். நாம் விரும்பித் தின்னும் தீட்டிய அரிசியிலோ அதில் முப்பதில் ஒரு பங்கும் இல்லை. கொல்லையில் அணில் கொறித்து விழுத்துகிற கொய்யாப்பழத்தில், காசு கொடுத்து வாங்குகிற தோடம்பழத்தைக் காட்டிலும் நாலு மடங்கு உயிர்ச்சத்து சி உண்டு. அடுத்த ஊரான நீர்வேலி வாழைக்குப் பேர்போனது. இதரையும் கதலியும் குலைகுலையாகச் சந்திக்கு வருகின்றன. வல்லாரைச் சம்பல், முசுட்டை இலை வறை, பொன்னாங்காணி, மாரிகாலத்தில் தானாக முளைக்கிற கீரை வகைகள் இவற்றையெல்லாம் கிழவிகள் பெயர் சொல்லி ஆய்கிறார்கள். பேத்திகளுக்குப் பாதியும் தெரியாது. நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாளும் மணலிலே கச்சான் வறுத்து விற்கிற பெண்களைச் சுற்றிக் கூடுகிற நாம், மற்றை நாட்களில் அதே கச்சானை ஏன் மறந்தோம்? ஆடிப்பிறப்புக்குக் கூழும் கொழுக்கட்டையும் வேண்டுமென்று நவாலியூர் சோமசுந்தரப் புலவர் பாடியதை ஈழத்துப் பிள்ளைகள் எல்லோரும் பாடமாக்கி ஒப்பிக்கிறார்கள். பச்சரிசியும் பயறும் தேங்காயும் பனங்கட்டியும் சேர்ந்த அந்தக் கூழ் வருஷத்தில் ஒருநாள் சடங்காக மாத்திரம் எஞ்சியிருக்கிறது.

இவ்வளவையும் நான் ஒருநாள் என் பெரியம்மாவின் முன்னே உற்சாகத்தோடு எடுத்துரைத்தேன். அவர் கோப்பாயிலேயே பிறந்து வளர்ந்தவர், வயது எழுபத்தாறு. பொறுமையாகக் கேட்டுவிட்டு, “எல்லாஞ் சரி மோனை, இப்ப உதெல்லாம் ஆர் இடிக்கிறது?” என்று மட்டும் கேட்டார்.

எனக்கு மறுமொழி வரவில்லை. ஒடியலை இடித்து மாவாக்கி, அந்த மாவை நீரில் ஊறவைத்துக் கசப்பு நீரை வடித்து, பயற்றங்காயும் பலாக்கொட்டையும் மரவள்ளியும் மீனும் இறாலும் துப்புரவு செய்து, பழப்புளி கரைத்து, ஒரு பெரிய பானைக் கூழ் காய்ச்சுவதற்கு ஒரு பெண்ணின் அரைநாள் போய்விடும். அதைப் பிளாவிலே வாங்கிக் குடித்து ‘ஆகா’ என்று சொல்ல எங்களுக்குக் கால்மணி நேரம் போதும். பழைய ஆகாரத்தின் மகிமையைப் பேசுகிற ஆண்களில் அதிகம் பேர், அதைச் செய்த கைகளின் தழும்பைப் பேசுவதில்லை. மாவாலையின் மா பெண்களுக்கு நேரத்தைக் கொடுத்தது. அந்த நேரத்தில் அவர்கள் படித்தார்கள், உத்தியோகம் பார்த்தார்கள். மீண்டும் உரலடிக்குப் போங்கள் என்று அவர்களை மட்டும் ஏவுவது ஆரோக்கிய போதனை ஆகாது, அநியாயமேயாகும். இடிக்கிற பாட்டை வீட்டிலுள்ள எல்லாரும் பங்கிடவேண்டும். அல்லது ஊர் ஏற்கவேண்டும்.

ஊர் ஏற்றதற்கு ஓர் உதாரணம் கோப்பாயிலிருந்து சைக்கிள் மிதிக்கும் தூரத்திலேயே இருக்கிறது. திருநெல்வேலியில் வடமாகாண விவசாயத் திணைக்களத்தின் ஆதரவில் நடக்கின்ற ‘அம்மாச்சி’ உணவகத்துக்குப் போயிருக்கிறவர்கள் நான் சொல்வதை அறிவார்கள். வரிசையாகத் தட்டிகள், ஒவ்வொன்றிலும் பெண்கள் கண்முன்னே அடுப்பில் வைத்துச் செய்கிறார்கள்: அப்பம், தோசை, கொழுக்கட்டை, குரக்கன் பண்டங்கள், இலைக்கஞ்சி, பழரசம். எந்த எண்ணெய், எத்தனையாவது முறை காய்கிறது என்பது வாங்குகிறவர் கண்ணுக்குத் தெரிகிறது. விலை எட்டக்கூடியது, செய்கிற பெண்களின் கைக்கு வருமானமும் சேர்கிறது. முன்பு சம்பளமில்லாமல் அடுக்களை இருட்டில் நிகழ்ந்த உழைப்பு, இங்கே வெளிச்சத்துக்கு வந்து கூலி பெறுகிறது. பழைய உணவு மீள்வதற்கு இதைக் காட்டிலும் கண்ணியமான வழி எனக்குத் தெரியவில்லை. கோப்பாய்ப் பாலத்தைக் கடந்தால் கைதடியிலே பனை ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. 1978இல் அமைந்த பனை அபிவிருத்திச் சபையின் ‘கற்பகம்’ விற்பனை நிலையங்களில் ஒடியல் மாவும் புழுக்கொடியலும் பனங்கட்டியும் கிடைக்கின்றன. ஆனால் அவற்றை வாங்கிச் செல்கிறவர்களில் வெளிநாட்டிலிருந்து வந்து திரும்புகிற உறவினரே எப்போதும் என் கண்ணில் படுகிறார்கள். ரொறன்ரோவுக்கும் இலண்டனுக்கும் பெட்டியில் போகிற புழுக்கொடியல், அரைக்கட்டை தூரத்திலுள்ள கல்வி நிலையத்து வாசலுக்குப் போவதில்லை.

போகச் செய்வது அசாத்தியமன்று. அம்மாச்சித் தட்டி ஒன்றைப் பின்னேரம் மூன்று முதல் ஆறு மணி வரைக்கும் கோப்பாய்ச் சந்தியிலே போடுவதற்குப் பிரதேச சபை மனம் வைத்தால் போதும். கல்வி நிலையங்களை நடத்துகிறவர்கள், மாதக் கட்டணத்தில் ஒரு சிறு பகுதியை ஒதுக்கி, பெற்றோர் முறைவைத்து அனுப்பும் அவித்த கடலைக்கும் பயறுக்கும் வாழைப்பழத்துக்கும் இடம் கொடுக்கலாம். நாற்பது பிள்ளைகள் இருக்கிற வகுப்பில் எந்தப் பானையும் மிஞ்சிப் புளிக்காது, ஆகவே கடைக்கார அண்ணையின் நியாயமான ஆட்சேபமும் அங்கே எழாது. வீட்டிலே இடியப்பத்து மாவில் முதலில் பாதிக்குப் பாதி சிவப்பரிசி மாவைக் கலந்தால் நாக்கு முரண்டு பண்ணாது. தேத்தண்ணீரில் மூன்று கரண்டியை ஒரே நாளில் நிறுத்துகிறேன் என்று சபதம் செய்தவர்கள் மூன்றாம் நாள் மூன்றரைக் கரண்டிக்கு மீண்டதை நான் கண்டிருக்கிறேன். மாதத்துக்கு அரைக்கரண்டி குறைத்தவர்களோ பழைய இனிப்பைப் பின்பு சகிக்கமாட்டாமல் கோப்பையை விலக்கிவைத்தார்கள். நாக்கு பழக்கத்துக்கு அடிமை. அந்த அடிமைத்தனத்தையே நமக்குச் சாதகமாகத் திருப்பிக்கொள்ளலாம்.

போன மாசியில் மறுபடி பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். நாலு மணி. பின்வளவில் சிற்றுரல் ஒன்று கழுவிக் கவிழ்த்திருந்தது. என் தமையனின் மகன், பத்தாம் வகுப்புப் படிக்கிறவன், அதை நிமிர்த்தி வைத்து, உடைத்த புழுக்கொடியல் துண்டுகளைப் போட்டு இடிக்கத் தொடங்கினான். முதல் பத்து இடிக்குத் துண்டுகள் நாலாபக்கமும் சிதறின. “மெல்ல மோனை, கையை உயத்தாமல் குத்து” என்று பெரியம்மா திண்ணையிலிருந்தபடியே சொல்லிக்கொடுத்தார். அவன் மூச்சுவாங்க இடித்தான், மா ஆயிற்று. தேங்காய்ப்பூவும் இரண்டு பச்சைமிளகாயும் நாலு பல் உள்ளியும் உப்பும் சேர்த்து மறுபடி இடித்தான். உரலின் அடியிலிருந்து உறைப்பும் இனிப்புமாக ஒரு வாசம் கிளம்பிற்று. பெரியம்மா அதை உருண்டையாகப் பிடித்து முதல் உருண்டையை அவன் கையில் வைத்தார். அவன் கடித்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. ஐந்து மணி வகுப்புக்குப் போகும்போது, மீதி உருண்டைகளைப் பழைய பிஸ்கற் பேணி ஒன்றில் அடுக்கிச் சைக்கிள் கூடையில் வைத்துக்கொண்டான். சிநேகிதர் மூன்று பேர் இருக்கிறார்களாம்.